உங்கள் விவரம் வந்து சேர்ந்தது

4 பிப்ரவரி

அன்பு அக்காவுக்கு,

தூங்குமூஞ்சி எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். நடுக்கடல் வானிலை நிலையத்தில் நீயும் உன் காற்றுமானிகளும் சௌக்கியமா? அந்தத் தீவுக்குப் போனும் இல்லை, நெட்டும் இல்லை, மாதம் ஒரு படகுதான் என்று தெரிந்தும் ஓர் அவசர விஷயத்துக்கு உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்.

நீ பாதியில் விட்டுப்போன ஆஸ்பத்திரி இணையப் பக்கத்தை நானே முடித்துத் தருகிறேன் என்று உன் பழைய கம்பெனியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே பெயரைப் பதிந்து வரிசையில் இடம் பிடிக்கிற அந்தப் பக்கம்தான். ஒழுங்காக முடித்துக் காட்டினால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். நான் சும்மா உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஃபைலைத் திறந்தால் பக்கம் வருகிறது, ஆனால் பாதிதான் வேலை செய்கிறது. படங்கள் இல்லை, பட்டன் செத்துக் கிடக்கிறது. கம்பெனியில் கேட்டால், "சர்வர் வெச்சுப் பாருப்பா" என்றார் அங்கே இருக்கும் பெரியவர். "என்ன சர்வர் சார்?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க அக்காகிட்டயே கேளு" என்றார். நெட்டில் தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்கிறார்கள். நீ ஒரு விதமாகச் சொல்.

அம்மாவுக்கு முன்பு போல மாடி ஏற முடியவில்லை. பாதியில் நின்று சுவரில் இருக்கும் மின்சார மீட்டரை உற்றுப் பார்க்கிறாள். மூச்சு வாங்குதா என்று கேட்டால், "கரண்ட் எவ்வளவு ஓடியிருக்குன்னு பாக்குறேன்டா" என்கிறாள். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள், நடந்து பழக்கமில்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். கம்பளியைப் போர்த்திக்கொள்.

உன் தம்பி

•

26 பிப்ரவரி

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூக்கு மட்டும் எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இங்கே எல்லாருக்கும் அப்படித்தான். படகு மூட்டைகளை இறக்கிவிட்டு மாலையே கிளம்பிவிடும், அதற்குள் இதை முடிக்க வேண்டும். அதனால் திட்டுவதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

பயந்துவிடாதே. பெரிய சர்வர் என்பது ஆஸ்பத்திரி கேன்டீன் அடுப்பு. உனக்கு வேண்டியது ரூமில் டீ போடுகிற ஸ்டவ். அப்படி ஒரு குட்டி சர்வர் இருக்கிறது. அதை எப்படி இறக்குவது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இறக்கியதும் ஒரு சின்ன ஃபைலில் நம் விருப்பத்தைச் சொல்ல வேண்டும்: எந்த ஃபோல்டரிலிருந்து பக்கத்தை எடுப்பது, எந்த போர்ட்டில், அதாவது எந்த வாசலில் நிற்பது, எந்த ஃபைல்களில் கண் வைப்பது, தொடங்கியதும் பிரவுசரைத் தானே திறப்பதா வேண்டாமா. அவ்வளவுதான். நான் எழுதியிருப்பதை அப்படியே அடி. உன் மேதாவித்தனத்தை நடுவில் சொருகாதே. ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கமா உண்டு. கமாவை விட்டால் அது வாயையே திறக்காது.

இன்னொன்று. அது நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் பேசும். அதில் நீ பார்ப்பதை உன்னைத் தவிர உலகத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் தைரியமாகத் தப்புப் பண்ணு.

அம்மா மீட்டர் பார்க்கிற கதையை நான் நம்பவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். டின்னில் அடைத்த சாப்பாடுதான் என்று சொல்லாதே.

அக்கா

•

30 மார்ச்

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மூக்கு நின்றதா?

சர்வர் ஓடுகிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்காதே. நீ கமாவைச் சொன்னாய், நான் கமாவைப் போட்டேன், ஆனால் ஓர் இடத்தில் புள்ளியும் கமாவும் சேர்ந்த அந்த இன்னொன்றைப் போட்டுவிட்டேன். அது சிவப்பு எழுத்தில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. உன்னிடம் கேட்டால் ஒரு கமாவுக்கு இரண்டு மாதம் ஆகும் என்பதால் நானே முட்டி மோதிக் கண்டுபிடித்தேன்.

இந்தப் பக்கம் ஃபைலைச் சேவ் செய்தால் அந்தப் பக்கம் பிரவுசரில் தானாகவே மாறுவதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ இங்க தொட்டா அது அங்க மாறுதே" என்று வேடிக்கை பார்த்தாள். அப்புறம் வேலை வாங்க ஆரம்பித்தாள். "எழுத்து ஏன்டா இவ்வளவு சின்னதா இருக்கு? நோயாளி படிக்கவா, எறும்பு படிக்கவா?" எழுத்தைப் பெரிதாக்கினேன். "பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வணக்கம் போடு." போட்டேன். இப்போது அது அவள் பக்கம் மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை அங்கிருந்து எடுக்கவும் விடுவதில்லை. படுத்தால் இருமல் வருகிறதாம், நாற்காலியில் சாய்ந்தால் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். அதிலேயே தூங்குகிறாள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பதிவு பட்டனை அழுத்தினால் பிழை என்று வருகிறது. விவரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பின்பக்க வேலையைக் கம்பெனி இன்னும் முடிக்கவில்லை. அதுவரை நான் அழுத்திய பிறகு என்ன தெரியும் என்று எப்படிச் சோதிப்பது? இன்னொன்று, தினமும் காலையில் அந்தக் கட்டளையை அடித்து சர்வரை எழுப்புவது எனக்கு அலுப்பாக இருக்கிறது. சிரிக்காதே.

டாக்டரிடம் போகலாம் என்றால் அடுத்த வாரம் என்கிறாள். ஒவ்வொரு வாரமும் அதையே சொல்கிறாள்.

உன் தம்பி

•

27 ஏப்ரல்

தம்பிக்கு,

நான் சுகம். மூக்கைப் பற்றி இனி யாரும் விசாரிக்க வேண்டாம்.

சர்வரை நீயாகவே ஓட வைத்தது பெரிய விஷயம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இதை அடிக்கடி சொல்ல மாட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

முதல் கேள்விக்குப் பதில். அமைப்பு ஃபைலில் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்துவிடு, பின்னால் எழுதியிருக்கிறேன். பட்டனை அழுத்தியதும் பிழை வராமல் அந்தத் துண்டு குறுக்கே நின்று ஒரு பதிலைக் கொடுக்கும். விவரத்தை எங்கேயும் வைத்துக்கொள்ளாது, யாருக்கும் அனுப்பாது. ஒப்புக்குச் சப்பாணி. பதில் வாசகத்தையும் நானே தருகிறேன், இல்லாவிட்டால் நீ 'டெஸ்ட் டெஸ்ட்' என்று போட்டு வைப்பாய்: 'உங்கள் விவரம் வந்து சேர்ந்தது. கவலையை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள். முறை வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்.'

கம்பெனிக்குக் கொடுக்கிற பிரதியில் இந்தத் துண்டு இருக்கவே கூடாது. அவர்களுடைய நிஜப் பக்கம் வரிசை எண்ணோடு வேறு பதில் கொடுக்கும். மறந்தாயோ, தொலைந்தாய்.

இரண்டாவது கேள்விக்குச் சிரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் சர்வர் தானே கிளம்பி, பிரவுசரும் தானே திறந்து, பக்கம் கண்முன்னால் வந்து நிற்கும்படி செய்யலாம். அதையும் எழுதியிருக்கிறேன். சோம்பேறிகளுக்காகவே பிறந்தவள் நான்.

இனி முக்கியமான விஷயம். படுத்தால் இருமல், உட்கார்ந்தால் தூக்கம் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு நீ பட்டனுக்குத் தாவிவிட்டாய். அவளை இழுத்துக்கொண்டாவது போ. கால் வீங்கியிருக்கிறதா என்று பார். பார்த்து எழுது.

அக்கா

•

2 ஜூன்

அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்லபடியாகப் பார்க்கட்டும். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ சொன்னபடியே அந்தத் துண்டை எடுத்துவிட்டுத்தான் கம்பெனிக்குப் பிரதி கொடுத்தேன், நான்கு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தேன். நிஜப் பக்கம் போன மாதம் நெட்டில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கிற ஊருக்கே வந்துவிட்டேன். ரூமில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், எதிர்ச் சுவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரை அம்மாவிடமே விட்டுவிட்டேன், தூசி தட்ட அவளுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா.

டாக்டரைப் பார்த்தாயிற்று. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். வெளியூரிலிருந்து வரும் டாக்டர் குழு பெரிய ஆஸ்பத்திரியில் வரிசைப்படி செய்கிறதாம். சீக்கிரம் செய்வது நல்லது என்றார். கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது.

நானே பதிந்துவிடுகிறேன் என்று சொன்னதற்கு வீட்டில் ஒரு சண்டை.

"நீ தொடாதே. நீ அந்தக் கம்பெனியில வேலை பாக்குற. உள்ள போய் என் பேரை மேல ஏத்திடுவ."

"அப்படியெல்லாம் பண்ண மாட்டேன்மா."

"கவுண்டர்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அப்புறம் பின்வாசல் வழியா வந்து நிப்பாங்க. நானே போட்டுக்கறேன். நீ அந்த லிஸ்ட்டைப் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நேற்று போன் செய்து, போட்டாச்சு என்றாள். வரிசை எண் என்ன என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு அது?" என்று வைத்துவிட்டாள். எப்படியோ போட்டுவிட்டாள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

உன் தம்பி

•

5 ஜூன்

பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ இளைத்திருப்பாய், எனக்குத் தெரியும். சின்னவன் எல்லாம் எழுதியிருப்பான். அவன் பயந்த சுபாவம், கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான். பாதியாகக் குறைத்துக்கொள்.

ஆபரேஷனுக்கு நானே பதிந்துகொண்டேன். யாரிடமும் போய் நிற்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன், பக்கம் தானாகவே வந்து நின்றது, தேடவே வேண்டியிருக்கவில்லை. சின்னவன் என் கண்முன்னால் செய்த பக்கம்தானே, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு மனப்பாடம். கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக அடிக்க வேண்டியிருந்ததால் நடுவில் இரண்டு தடவை ஓய்வெடுத்தேன்.

அழுத்தியதும் வந்த பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்தக் காலத்தில் எந்த ஆபீஸ் இப்படிப் பேசுகிறது? 'உங்கள் விவரம் வந்து சேர்ந்தது. கவலையை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள். முறை வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்.' கவுண்டரில் இருந்த காலத்தில் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் தோன்றவில்லையே என்று இருந்தது. நீ பேசுவது போலவே இருந்தது.

சொன்னபடி கவலையை விட்டுவிட்டேன். போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

•

26 ஜூன்

தம்பிக்கு,

உன் கடிதத்தை மட்டும் பிரித்தேன், படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். வேலை கிடைத்ததற்கு உன் முதுகில் ஒரு தட்டு. அம்மா பதிந்துவிட்டாள் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவள் சொல்வது சரிதான், லிஸ்ட்டில் கை வைக்காதே. அவள் கடிதமும் வந்திருக்கிறது, நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்.

அக்கா

•

26 ஜூன், படகு போன பிறகு

தம்பி,

அம்மா பதியவே இல்லை.

அவள் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். அவளுக்கு வந்த பதில் என்னுடையது. உனக்கு நான் எழுதிக் கொடுத்த அதே மூன்று வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல். நீ கம்பெனிக்குக் கொடுத்த பிரதியில் எடுத்தாய், வீட்டில் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் சர்வர் கிளம்பி, பக்கம் திறந்து, அவள் எழுதியதையெல்லாம் கேட்டுவிட்டு, வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. எங்கேயும் சேரவில்லை.

நான் இறங்குதுறைக்கு ஓடினேன். படகு தூரத்தில் தெரிந்தது. கத்தினேன், அது வெறும் பைத்தியக்காரத்தனம். இந்தக் கடிதம் அடுத்த படகில்தான் வரும். லிஸ்ட்டில் கை வைக்காதே என்று நான் எழுதிய கடிதம் அதோ போய்க்கொண்டிருக்கிறது.

4 ஜூலை. இங்கே வயர்லெஸ்ஸில் வானிலைச் சேதி மட்டும்தான் போகலாம். நிலையத் தலைவரிடம் கெஞ்சினேன். அவர் மோசமானவர் இல்லை. என் ஒரு பக்கச் சேதியைச் சுருக்கி, 'தாயாரின் ஆஸ்பத்திரிப் பதிவு சரியாக உள்ளதா என விசாரிக்கவும்' என்று ஒரு வரியாக அனுப்பினார். உன் புது நம்பரை நீ எழுதவில்லை, வீட்டு நம்பரைத்தான் கொடுத்தேன். கரையில் இருக்கும் எழுத்தர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். பதில் வந்தது: 'தாயாரிடம் பேசினேன். பதிவு முடிந்துவிட்டதாம். மகளைக் கவலைப்பட வேண்டாம் என்றார்.' தலைவர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "அதான் அம்மாவே சொல்லிட்டாங்களே, இன்னும் என்னம்மா?" என்று கேட்டார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்து அழுதேன்.

11 ஜூலை. இன்னொரு சேதிக்குச் சம்மதித்தார். அன்றைக்கே காற்றில் வயர்லெஸ் கம்பம் சாய்ந்தது. மாற்றுக் கம்பம் அடுத்த படகில் வருகிறதாம்.

22 ஜூலை. எல்லாக் கருவிகளும் சரியாக ஓடுகின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று நான் பதிந்துகொண்டிருக்கிறேன். அவள் போன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதைப் படித்ததும் சத்தியத்தைத் தூக்கிப் போடு. லிஸ்ட்டைத் திற. அவள் அழுத்திய தேதியிலேயே அவள் பெயரைச் சேர். அது அவளுடைய இடம்.

அக்கா

•

11 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் லிஸ்ட்டைத் திறந்தேன். அம்மா பெயர் இல்லை. அம்மாவுக்குப் பின்னால் பதிந்தவர்களில் பலருக்கு ஆபரேஷனே முடிந்துவிட்டது. நம் தெருமுனை தையற்காரர் மனைவிகூடப் போய்விட்டு வந்து நடமாடுகிறாள். அவளை அம்மா பார்த்துவிட்டு வந்தாளாம். தன் முறை ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ சொன்னபடி ஜூன் தேதியிலேயே சேர்த்தேன். மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று. நான் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துப் போனேன். மூட்டை முடிச்செல்லாம் கட்டிக்கொண்டுதான் போனோம். காத்திருக்கிற இடத்தில் அவளை உட்கார வைத்தேன். "ஒரு டீ வாங்கிட்டு வாடா" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தால் நாற்காலியில் இல்லை, கவுண்டரில் நின்றுகொண்டிருக்கிறாள், கண்ணாடியில் கை ஊன்றி.

"என்னம்மா?"

"தேதியை மாத்திட்டேன். இன்னிக்குத் தேதியில போடச் சொல்லிட்டேன். டீ ஆறப்போகுது, குடு."

கவுண்டரில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையில் பின்னால் போடச் சொல்லி இதுவரை யாரும் வந்து கேட்டதில்லையாம். நான் எவ்வளவோ சொன்னேன். சத்தம்கூடப் போட்டேன். டாக்டரிடம் அவசரம் என்று எழுதி வாங்கலாம் என்றால், "இங்க உக்காந்திருக்கற எல்லாருக்கும் அவசரம்தான்டா" என்கிறாள். சர்வர் விஷயத்தை நான் வீட்டிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன், அதுதான் வினை. சொல்லாமல் இருந்திருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இப்போது எடுத்து என்ன பிரயோஜனம் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் ஐந்து வாரமாவது ஆகுமாம். அவள் உனக்கு எழுதுகிறாள். நீ சொன்னால் கேட்பாளோ என்று பார்க்கிறேன்.

தம்பி

•

16 ஆகஸ்ட்

பெரியவளுக்கு,

நான் இருக்கிறபடி இருக்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும்.

சின்னவன் என்மேல் கோபமாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் சாப்பிடும்போது மட்டும் பேசுகிறான். நீயும் கோபப்படுவாய், அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். உதடெல்லாம் நீலமாக இருந்தது. அவளுக்கும் மூட்டை முடிச்சு, துணைக்கு அவள் அப்பா. அவளைத்தான் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். வந்த பிறகு, முந்தின தேதிக்காரர் ஒருவர் இருக்கிறார், நீங்கள் அப்புறம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அப்பா சண்டை போடவில்லை. "ரெண்டு பஸ் மாறி வந்தோம்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். முந்தின தேதிக்காரர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

ஜூன் மாதமே அழுத்தினாயே, அது பொய்யா என்று சின்னவன் கேட்கிறான். பொய்யில்லை. ஆனால் நான் நின்றது நம் வீட்டுக் கூடத்தில். வீட்டுக் கூடத்தில் நின்றுவிட்டு வரிசையில் நின்றேன் என்று சொல்ல முடியுமா? எத்தனை பேர் என் கவுண்டருக்கு வந்து, காலையிலேயே வந்தேன், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லியிருப்பார்கள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் பின்னால் போகச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

பயமாக இல்லையா என்று நீ கேட்பாய். பயமாகத்தான் இருக்கிறது. இதைச் சின்னவனிடம் சொல்லாதே.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பதிலைப் படித்த பிறகு இரண்டு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன், அதுவும் உண்மைதான். ஆனால் அடுத்த முறை இப்படி ஒன்று செய்தால், இல்லை என்று சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடு. சீட்டு இல்லை, பஸ் இல்லை, இன்றைக்கு இல்லை என்று நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்டுவார்கள். திட்டிவிட்டு வேறு வழி தேடிப் போவார்கள்.

எழுதினால் கை வலிக்கிறது. நன்றாகத் தூங்கு.

அம்மா

•

30 ஆகஸ்ட்

அம்மாவுக்கு,

உன் கடிதமும் சின்னவன் கடிதமும் இன்று வந்தன. இந்தத் தடவை இரண்டையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், படகுக்காரர் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

உன்னோடு நியாயம் பேசி நான் எப்போது ஜெயித்தேன்? நியாயத்தை விடு. அந்தப் பெண் என் வயது என்கிறாய். எனக்கும் அதே வயதுதான், எனக்கு அம்மா வேண்டும். இது நியாயமே இல்லை, வரிசையை மீறித்தான் கேட்கிறேன். சின்னவனோடு டாக்டரிடம் போ. உட்கார்ந்துகொண்டு தூங்குகிறேன், மாடி ஏற முடியவில்லை, கால் வீங்குகிறது என்று எல்லாவற்றையும் வாயால் சொல். அவர் உன்னை முன்னால் போட்டால் அது பின்வாசல் இல்லை. அதுவும் ஒரு வரிசைதான், அந்தக் கவுண்டர் உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்று ஆள் அடுத்த படகில் வருகிறார். அதே படகில் நான் ஏறுவேன். அதுவரை எனக்காக ஒரே ஒரு தடவை முந்திக்கொள் அம்மா.

உன் பெரியவள்

•

14 செப்டம்பர்

அன்பு அக்காவுக்கு,

கரை ஆபீஸில் சொல்லி வயர்லெஸ்ஸில் சேதி அனுப்பச் சொன்னேன். ஒரு வரிதான் வந்திருக்கும். மீதியை நான் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில்தான் இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் பையை வைத்துவிட்டு டீ போட்டேன். இரண்டு டம்ளரில் ஊற்றிய பிறகுதான் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் எல்லாம் செய்தார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவள் பெயருக்கு நீ எழுதிய கடிதம் அதற்கு அடுத்த நாள் வந்தது. நான் பிரிக்கவில்லை. நீ வந்து நீயே பிரித்துக்கொள்.

அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நீல உதட்டுப் பெண்ணைப் பற்றி ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அம்மா எழுந்து போய்த் தேதியை மாற்றிய அன்றைக்கே அவளைச் சேர்த்துக்கொண்டார்களாம். நன்றாக இருக்கிறாளாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. நான் நல்லவன் இல்லை போலிருக்கிறது.

இன்று காலை வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான். ஒரு பெண் அம்மாவின் பெயரைச் சொல்லி, வரிசை எண்ணைச் சொல்லி, "உங்க முறை வந்துடுச்சு, நாளைக்குக் காலையில வந்து சேர்ந்துடுங்க, சரியா?" என்றாள். நல்ல குரல், மரியாதையாகத்தான் பேசினாள். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவள், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவங்க வர மாட்டாங்க," என்றேன். "அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

"யாருங்க பேசறது?" என்றாள். மகன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

படகு வரும் நாளில் நான் துறையில் நிற்கிறேன். கடல் காற்றில் வெளியே உட்காராதே, உள்ளே உட்கார்ந்து வா.

உன் தம்பி